படகிலிருந்து எடுத்த படம்

இதை எழுத உட்கார்ந்து, இரண்டு வரியோடு எழுந்து போனது எத்தனை முறை என்று எனக்கே தெரியாது. ஒரு முறை கோயில் நோட்டீஸின் பின்பக்கத்தில் அரைப் பக்கம் எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மறந்துபோய்ச் சட்டையை ஊறவைத்துவிட்டேன். அம்மனுக்கே இது வேண்டாம் போலிருக்கிறது என்று அதைச் சாக்காக வைத்து இன்னும் மூன்று வருடம் ஓட்டினேன்.

நான் ஏழாம் கிளாஸ் வரை மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். தமிழ் எழுத்து, காலண்டர் தாளையும் கோயில் சுவரையும் பார்த்துப் பழகியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிழைக்குப் பயந்து தள்ளிப்போடவில்லை. என்னைப் பற்றி எங்கள் கொச்சி மட்டாஞ்சேரித் தெருவில் ஒரு கதை உண்டு. கேட்கிறவர்களுக்குப் பக்தி வரும். அந்தக் கதையில் வருகிற ஆள் நான் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தயக்கம்.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. அதில் தொண்ணூறுகளின் நடுவில் நான் எடுத்த படங்கள் இருக்கின்றன. யார் வந்தாலும் எடுத்துப் பார்ப்பார்கள். மேலே இருக்கிற படம் எங்கள் தெருக்குழாய். குழாயடியில் ஆளுக்குப் பதிலாகக் குடம் வரிசையில் நிற்கும். குடம் கொண்டுவராதவர்கள் உடைந்த செங்கல் ஒன்றை வைத்துவிட்டுப் போவார்கள். அந்தச் செங்கல்லுக்கும் மரியாதை உண்டு, யாரும் நகர்த்த மாட்டார்கள். நாலாவதாக நிற்கிற சிவப்புப் பக்கெட் என் மனைவியுடையது. அதை அன்று வைத்தது நான். அவள் காயலுக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளத்தில், பெரிய ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கிடந்தாள்.

கல்யாணமாகி ஆறு வருடம். இரண்டு குழந்தைகள் வயிற்றில் தங்காமல் போயின. இரண்டாவது போன அன்று நான் மாரியம்மன் முன்னால் நின்று, அடுத்தது தங்கினால் அந்த வருடமே தீச்சட்டி எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது தங்கியது. ஆனால் எட்டாம் மாதம் அவளுக்குப் பிரஷர் ஏறி, எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் படுக்க வைத்துவிட்டார். அவள் அக்கா கூடவே இருந்தாள். காலையில் ஒரு தடவை சோறு எடுத்துப் போகப் படகில் வருவாள். நானும் தினம் பஜார் ரோட்டில் கூட்டிப் பெருக்கி முடித்ததும் படகேறிப் போய்ப் பார்த்து வருவேன். கார்ப்பரேஷன் துப்புரவு வேலை, அப்பா பார்த்த அதே வேலை. மத்தியானத்துக்குள் முடிந்துவிடும்.

அப்போதுதான் திருவிழா வந்தது. தீச்சட்டி எடுக்கிறவன் எட்டு நாள் முன்னால் காப்புக் கட்ட வேண்டும். மஞ்சள் துண்டு கோத்த நூலைப் பூசாரி வலது மணிக்கட்டில் கட்டுவார். அதன் பிறகு எல்லை தாண்டக் கூடாது. மற்ற ஊர்களில் எல்லை என்றால் வயலோ ஓடையோ இருக்கும். எங்களுக்குக் காயல்தான் எல்லை. சுள்ளிக்கல், தோப்பும்படி வரை போகலாம். பாலம் ஏறக் கூடாது, படகு ஏறக் கூடாது. காப்போடு தண்ணீர் தாண்டினவனைச் சட்டி சுடும் என்பது எங்கள் தெருவில் எல்லோரும் நம்புகிற விஷயம். நானும் நம்பினேன்.

மனைவியிடம் கேட்டேன். "எட்டு நாள்தானே, கட்டிக்கோ. நான் எங்கே போகப் போறேன்? கட்டில்லதான் இருப்பேன்" என்றாள். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

காப்புக் கட்டிய மறுநாள் காலை அக்கா வந்தாள். "தம்பி, அவ அழறா" என்றாள். "என்னக்கா?" "ஒண்ணுமில்லே, சும்மாதான். நம்ம தெருவைப் பார்க்கணுமாம். சீலிங்கைப் பார்த்துப் பார்த்துக் கண்ணு பூத்துப் போச்சாம்." தன் வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து கொண்டுவந்த சின்ன கேமராவை என் கையில் கொடுத்தாள். உள்ளே புது ரோல் இருந்தது.

நான் அதுவரை கேமராவைத் தொட்டதில்லை. வாருகோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஜார் ரோட்டில் படம் எடுத்தேன். சுக்கு மூட்டை இறக்குகிற கைவண்டி. மிளகுக் கிடங்கு வாசலில், முதுகில் மூட்டையோடு தும்முகிற சுமட்டுக்காரர். சாக்கில் ஓட்டை தேடுகிற ஆடுகள். சாயாக்கடைச் சேட்டன் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எந்தா, பத்திரிகைக்கா?" என்றார். "வீட்டுக்காரிக்கு" என்றேன். உடனே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டார்.

இரண்டு நாளில் ரோல் தீர்ந்தது. தோப்பும்படி ஸ்டூடியோவில் கழுவி வாங்கி அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

"ஆட்டை எதுக்கு அஞ்சு படம் எடுத்திருக்கார்னு கேட்டா" என்றாள் அக்கா. "அப்புறம் வாசல் படத்துல இருக்கிற அந்தக் கோலம் யாரு போட்டதாம்?"

"நான்தான்."

"அதான் சொன்னா. கோலமா, கொசுவலையான்னு."

சிரித்தாளா என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரியும் சேர்ந்து சிரித்தாளாம். பக்கெட் நாலாவதாக நிற்கிறதே, நீ ஐந்து மணிக்கு எழுந்திருக்கவில்லையா என்று ஒரு திட்டும் வந்தது. எனக்கு அன்று சோறு நன்றாக இறங்கியது. இரண்டாவது ரோல் வாங்கிப் போட்டேன். ஒரு பழக்கம் வந்துவிட்டது. கண்ணுக்கு எது நன்றாகப் பட்டாலும், இதை அவள் பார்க்கணும் என்று கை தானாகக் கேமராவுக்குப் போகும்.

ஆறாம் நாள் மத்தியானம், வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். அக்கா படகுத்துறைப் பக்கமிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தாள். அந்த நேரத்தில் அவள் வருவதே இல்லை.

"தம்பி, பிரஷர் ரொம்ப ஏறிடுச்சு. இப்பவே ஆபரேஷன் பண்ணணுமாம். வீட்டுக்காரர் ஒப்பிட்டாத்தான் உள்ளே கொண்டுபோவாங்களாம்."

ஒப்பு என்றால் கையெழுத்து. "நீங்க போடக் கூடாதாக்கா?"

"கேட்டுப் பார்த்தேனே. எங்கேயாவது தூரத்துல இருந்தா வேறே விஷயம், அக்கரைலதானே இருக்கார், கூட்டிட்டு வாங்கன்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க." அவள் என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

கோயிலுக்கு ஓடினேன். நடை சாத்தியிருந்தது. பூசாரி சாப்பாட்டுக்குப் போயிருந்தார். அவர் வீடு சுள்ளிக்கல்லில், போய்த் திரும்ப நேரமில்லை. சாத்திய கதவின் முன்னால் நின்றேன். பெரிதாக ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. "நான் போறேன். சுடறதானா என் கையைச் சுடு, அவளை விட்டுடு" என்றேன். பதில் எதுவும் கேட்கவில்லை. உள்ளே பல்லிகூடச் சத்தமிடவில்லை. செருப்பை அங்கேயே மறந்துவிட்டு ஓடினேன்.

சட்டைக் கையை இறக்கிவிட்டு, தோர்த்துத் துண்டை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படகில் ஏறினேன். எதிர்ப் பலகையில் வைப்பின் தீவுக்காரி ஒருத்தி காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "கைக்கு எந்து பற்றி?" என்று கேட்டாள். கையில் என்ன ஆச்சு என்கிறாள். முறிவு, அதாவது வெட்டுக்காயம், என்று பொய் சொன்னேன். காப்போடு இருக்கிறவன் பொய்யும் சொல்லக் கூடாது. காப்பிப்பொடி வைத்துக் கட்டு, ரத்தம் நிற்கும் என்று அக்கறையாகச் சொல்லிக்கொடுத்தாள். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படகு துறையை விட்டு விலகியது. திரும்பிப் பார்த்தேன். ஓட்டுக் கூரைக் கிடங்குகள், துறையின் மரப்படிகள், அதில் உட்கார்ந்து கால் ஆட்டுகிறவர்கள், மேலே வெயில். நான் பிறந்து வளர்ந்த இடம் இவ்வளவு அழகாக இருந்ததை அன்றுதான் பார்த்தேன். கேமரா கழுத்தில் தொங்கியது. யோசிக்கவில்லை, கை போய் அழுத்திவிட்டது. இதன் தலைப்பில் இருக்கிற படம் அதுதான்.

ஆஸ்பத்திரியில் மலையாளத்தில் ஒப்பிட்டேன். தள்ளுவண்டியில் அவளைக் கொண்டுபோகும்போது என்னைப் பார்த்தாள். முதலில் முகம் மலர்ந்தது. பிறகு தோர்த்து நழுவிய மணிக்கட்டைப் பார்த்தாள். கையை நீட்டி என் சட்டைக் கையை இழுத்துக் காப்பின் மேல் விட்டாள்.

"யாராவது பார்த்தாங்களா?"

"இல்லே."

"அப்ப நின்னு குழந்தையைப் பார்த்துட்டுப் போ. போய்ச் சட்டியை எடு."

பெண் குழந்தை. நல்ல அழுகை. கண்ணால் பார்த்துவிட்டு அடுத்த படகில் திரும்பினேன். செருப்பு கோயில் வாசலிலேயே கிடந்தது.

பொய்யை ஆரம்பித்து வைத்தது நான் இல்லை. மறுநாள் குழாயடியில் நாலு பேர் அக்காவைச் சுற்றிக்கொண்டு, யார் ஒப்பிட்டது என்று கேட்டிருக்கிறார்கள். "நான்தான்" என்று சொல்லிவிட்டாள், என்னைக் காப்பாற்ற. அவள் தண்ணீர் பிடித்துக்கொண்டு வீடு வருவதற்குள் அது பூசாரி காதுக்குப் போய்விட்டது. எட்டாம் நாள் நான் சட்டி எடுத்தேன். வேப்பிலையை விரித்து நெருப்புச் சட்டியைக் கையில் வைத்தபோது, இப்போது சுடும், இந்தத் தெரு திரும்புவதற்குள் சுடும் என்று எதிர்பார்த்தபடியே நடந்தேன். பஜார் ரோடு முழுக்க நடந்தேன். உள்ளங்கை சிவந்திருந்தது. எல்லோருக்கும் சிவக்கிற அளவுதான். கோயில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு நான் அழுததைப் பக்தி என்று நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் காப்புக் கட்டும்போது பூசாரி என் கதையைச் சொல்வார். "பெண்டாட்டி கத்திக்கு அடியிலே கிடந்தா. இவன் அசைஞ்சானா? காயல்ல கால் நனைச்சானா? அதான்டா காப்பு!" முன்வரிசையில் என்னை உட்கார வைத்துத்தான் சொல்வார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அடக்கம் என்று அதற்கும் ஒரு பெயர் வாங்கினேன்.

மகளுக்குப் பத்து வயதானபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கொட்டிவைத்துப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மலையாளம்தான் எழுத வரும், தமிழ் பேச்சோடு சரி. அந்தப் படத்தை எடுத்து, அதன் பின்னால் நான் குறித்திருந்த திருவிழா வருடத்தைப் பார்த்தாள்.

"அப்பா, இது போட்டில நின்னு எடுத்ததல்லே? படி நம்மளைப் பார்த்து இருக்கே."

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இத்தனை வருடம் எத்தனை பேர் பார்த்த படம், ஒருவரும் கேட்டதில்லை.

"நீ அப்ப வந்தியா? என்னைப் பார்க்க?"

வந்தேன் என்றேன். அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து அந்தப் படிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகுதான் மனைவி சொன்னாள். பூசாரி கதை சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவள் வீட்டுக்கு வந்து, "அப்பாவுக்கு என்னைப் பார்க்கத் தோணவே இல்லையா அம்மா?" என்று கேட்பாளாம். என் காதில் விழக் கூடாது என்று இரண்டு பேரும் வைத்திருந்தார்கள். நான் அம்மனுக்குத்தான் பொய் சொல்லிவிட்டேன் என்று பயந்துகொண்டிருந்தேன். பொய்யின் பாரத்தைச் சுமந்தது என் பெண்.

அடுத்த திருவிழாவில் பூசாரி, "காயல்ல கால் நனைச்சானா?" என்று கேட்டதும் எழுந்து நின்றேன். "நனைச்சேன் சாமி. நான் போனேன். நான்தான் ஒப்பிட்டேன்."

மேளம் நின்றது. பின்னாலிருந்து அக்கா, "ஐயோ, என்னை எதுக்குத் தம்பி மாட்டிவிடறே!" என்றாள். மகள் படத்தைக் கொண்டுபோய்ப் பூசாரியிடம் காட்டினாள். அவர் அதைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கை சுட்டுச்சாடா?"

"இல்லே சாமி."

"அம்மனுக்கே கோபம் இல்லேன்னா எனக்கென்னடா? பத்து வருஷம் என்னைப் பொய் பேச வைச்சதுக்கு மட்டும் தினம் ரெண்டு குடம் தண்ணி சுமந்து கோயில்ல ஊத்து. உக்காரு."

ஊற்றினேன். எட்டு நாளும் மகள் கூடவே சின்னக் குடம் சுமந்தாள். பூசாரி கேட்கக் கேட்க, படகு, மீன்காரி என்று ஒன்று விடாமல் அவரிடம் சொன்னேன். அந்த வருடம் போல மனம் லேசாகத் திருவிழா பார்த்ததில்லை.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் பூசாரிக்குக் கதை இல்லாமல் காப்புக் கட்ட வராது. மறு வருடமே புதிதாக ஒன்று தயாராகிவிட்டது. இப்போது நான் படகில் ஏறுகிறேன். காயலில் அலை அடங்குகிறது. எதிரே மீன்கூடையோடு உட்கார்ந்து, கையில் என்னடா என்று கேட்டவள் சாட்சாத் மாரியம்மன். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். சாயாக்கடைச் சேட்டன்கூட அந்த அம்மா எப்படி இருந்தாள் என்று என்னிடம் விசாரித்தார்.

அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், சந்தோஷம். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். அலை அடங்கவில்லை, படகு எப்போதும்போல ஆடியது. எதிரே இருந்தது மீன்காரிதான், மத்தி மணம் அடித்தது. கோயில் கதவு சாத்தியிருந்தது, நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. காப்போடு தண்ணீர் தாண்டினேன், என் பெண்ணைப் பார்த்தேன், கை சுடவில்லை. இதில் ஒன்றைக் கூட்டவும் வேண்டாம், ஒன்றைக் குறைக்கவும் வேண்டாம். அம்மன் செய்தது இவ்வளவுதான். எங்களுக்கு இது போதும்.