உத்திராபதி கழற்றிய காவி

திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் உத்திராபதி குத்தகை நிலத்தில் சாகுபடி செய்துவந்தார். ஒரே மகன் காய்ச்சலில் இறந்துபோன வருஷம், சம்பா நடவு பாதியில் இருக்கும்போதே, மயிலாடுதுறைப் பக்கம் ஒரு மடத்துக்குப் போய்க் காவி வாங்கிக்கொண்டார். மனைவி அம்சவல்லி மீதி நடவை முடித்தாள்.

அதற்குப் பிறகு நாற்று விட்டதும், வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போட்டதும், அறுத்ததும் அவள்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. குத்தகைதாரர்களைப் பதிவுசெய்ய அரசாங்கம் சட்டம் கொண்டுவந்திருந்தது. பல நிலக்காரர்கள் முந்திக்கொண்டு குத்தகைக்காரர்களை வெளியேற்றினார்கள். ஒருநாள் காலையில் அம்சவல்லியின் வயலிலும் நிலக்காரரின் பண்ணை ஆட்கள் ஏர் பூட்டி நின்றார்கள்.

அவள் தாலுகா ஆபீசுக்கு ஓடினாள்.

"குத்தகை உன் புருஷன் பேர்லதானே இருக்கு?" என்றார் அதிகாரி.

"அவரு சாமியாராப் போயிட்டாருங்க. பாடுபடுறது நான்தாங்க."

"செத்திருந்தா உன் பேருக்கு மாத்திடலாம்மா. உயிரோட இருக்காரே, நான் என்ன பண்ணட்டும்? விசாரணையன்னிக்கு அவரே வந்து சொல்லணும்."

மடத்து நந்தவனத்தில் உத்திராபதி பூப்பறித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும், "வாங்கம்மா" என்றார். மற்ற பெண்களைக் கூப்பிடுவதுபோலவே.

அம்சவல்லி அவர் முன்னால் போய் நின்றாள். "ஒரே ஒரு தடவை வந்து, குத்தகை எங்களுதுன்னு சொல்லிட்டுத் திரும்பிடுங்க."

"எதையும் என்னுதுன்னு சொல்லக் கூடாதுன்னுதானேம்மா இங்க வந்தேன்."

"அப்ப நான் எங்க போவேன்?"

அவர் மறுபடி பூப்பறிக்கத் திரும்பினார். அவள் போன பிறகு பூசையில் உட்கார்ந்தாலும் அந்தக் கேள்விதான் காதில் விழுந்தது. விசாரணையன்று காவியைக் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளை வேட்டியோடு தாலுகா ஆபீசில் வந்து நின்றார்.

"நான்தாங்க குத்தகைக்காரன்."

நிலக்காரரின் வக்கீல் நிதானமாகக் கேட்டார்: "நீங்க துறவு வாங்கினீங்களா, இல்லையா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்சவல்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் திறந்தது. பொய் வரவில்லை.

"வாங்கினேன்" என்றார்.

துறந்து போனவருக்குக் குத்தகை உரிமை இல்லை, மனைவி பேரில் குத்தகையும் இல்லை என்று முடிவாகி நிலம் போயிற்று. கழற்றிய காவியை மறுபடி கொடுக்க மடம் மறுத்துவிட்டது. உத்திராபதி வீட்டுக்கு வந்தார். அம்சவல்லி கூலி நடவுக்குப் போய்வந்து சோறு வைத்தாள். அவர் தலை குனிந்து சாப்பிட்டார். ஊரார் அவரைச் சாமி என்பதா, பெயர் சொல்வதா என்று தெரியாமல் ஒதுங்கிப் போனார்கள்.

சாயங்காலங்களில் தேவாரம் பாட வாயெடுப்பார். முதல் அடியிலேயே நின்றுவிடும்.

"பாடுங்களேன், நானா தடுக்குறேன்?" என்பாள் அம்சவல்லி.

அவர் பாடவில்லை.