கார்க் கம்பெனியோடு துண்டு போட்டுப் பேசியது

அண்ணன் வாங்கிய புதுக் காரின் இன்ஜின் எட்டாவது மாதத்தில் உயிரை விட்டது. கம்பெனி கொடுத்திருந்த வாரண்டி ஆறு மாதம்.

பழியில் பாதியை ஆடி மாதத்தின் மேல்தான் போட வேண்டும். பெயர் பதிந்து வருடக்கணக்கில் காத்திருந்த கார், ஆனி முடிகிற நேரமாகப் பார்த்து வந்து சேர்ந்தது. ஆடியில் புதிதாக எதையும் தொடங்க மாட்டோம் என்று மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு அதை நிறுத்தினோம். ஆவணி பிறந்ததும் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தை பிறக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். லாரி ஓட்டுகிற வேலையை உதறிவிட்டு வந்திருந்த அண்ணன் தினமும் காலையில் காரைத் துடைப்பார், உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்காருவார், பிறகு வயலுக்குப் போவார். தை முதல் தேதி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி வெளியே வந்தது. அதற்குள் வாரண்டி முடிந்துவிட்டது என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாசியில், பெண் பார்க்கப் போகிற கூட்டம் ஒன்றை ஏற்றிக்கொண்டு வேலந்தாவளத்திலிருந்து பக்கத்திலிருக்கும் சித்தூருக்குப் போகிற வழியில் இன்ஜின் இறுகி நின்றது. மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார். காரை எங்கள் உழவு மாடுகள் வீட்டுக்கு இழுத்து வந்தன. மெக்கானிக் திறந்து பார்த்து, உள்ளே இருப்பதை மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார். தென்னந்தோப்பை அடமானம் வைத்து வாங்கிய வாடகைக் கார் அது. செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். இல்லையென்றால் காரைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு அண்ணன் பழையபடி அடுத்தவன் லாரிக்குப் போக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான். சித்தூர் காலேஜில் பி.ஏ. முடித்திருந்தேன். கம்பெனிக்கு இங்கிலீஷில் எழுதினேன். ஆடி என்றால் என்ன என்று விளக்கவே ஒரு முழுப் பக்கம் ஆனது. வருந்துகிறோம், கோயம்புத்தூர் கிளையைப் பாருங்கள் என்று பதில் வந்தது. காரை லாரியில் ஏற்றிக்கொண்டு நானும் அண்ணனும் போனோம்.

கிளை மேனேஜருக்கு நெற்றியில் திருநீறு, பேச்சில் பொள்ளாச்சி வாடை. எங்களுக்குப் பின்னால் பெஞ்சு நிறையக் கார்க்காரர்கள், ஆளுக்கொரு குறையோடு.

"ஆறு மாசம் முடிஞ்சு போச்சுங்களே, தம்பி."

"வண்டி ஓடவே இல்லீங்க சார். மீட்டரைப் பாருங்க. ஆடி மாசம், அப்புறம் பங்காளி சாவு..."

"ஏனுங்க, ஆடி மாசமெல்லாம் கம்பெனிக்கு உண்டுங்களா?"

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"கம்பெனிக்கு இல்லீங்க. உங்க ஊட்டுல ஆடியில புது வண்டி எடுப்பீங்களா, சொல்லுங்க."

அவர் எழுந்து போய் மீட்டரைப் பார்த்தார். திரும்பி வந்து, "எந்தப் பக்கம் உங்குளுக்கு?" என்றார்.

"வேலந்தாவளமுங்க."

"மாட்டுச் சந்தைக்குப் போறதுண்டுங்களா?"

"லீவுல எங்கப்பா கூடப் போவனுங்க."

பெஞ்சை ஒருதரம் பார்த்தார். அண்ணன் தோளில் கிடந்த துண்டை எட்டி எடுத்து மேசைமேல் விரித்து, தன் கையை அதன் அடியில் நுழைத்து, "பத்துக்கு" என்று முணுமுணுத்தார்.

எங்கள் சந்தையில் மாட்டின் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துத்தான் பேரம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு விஷயம் விளங்கியது. செலவில் பத்துக்கு இத்தனை பங்கு கம்பெனி ஏற்கும் என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்கிறது. பெஞ்சின் காதில் விழும்படி சொல்லத்தான் முடியாது. நானும் கையை நுழைத்தேன்.

"ரூல்ஸுன்னா ரூல்ஸுதானுங்க. ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் உரக்க. அடியில் என் நாலு விரலைப் பிடித்தார்.

"ஏழைங்க சார், பார்த்துச் செய்யுங்க" என்றேன். அடியில் முதலில் ஐந்தைப் பிடித்தேன், பிறகு மூன்றை. மொத்தம் எட்டு.

"மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க." ஐந்து.

"மனசு வைங்க சார்." ஐந்து, பிறகு இரண்டு.

மாட்டுச் சந்தை வழியாக ஆயிரம் தடவை லாரி ஓட்டியும் அண்ணன் ஒருநாள்கூட இறங்கி உள்ளே போனதில்லை. அவர் காதில் விழுந்தது வாய்ப்பேச்சு மட்டும்தான். நான் அந்த ஆளின் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"டேய், எந்திரிடா. மானங்கெட்டுக் கையப் புடிச்சுக்கிட்டு! நான் லாரிக்கே போய்க்கறேன்."

"அண்ணா, செத்த சும்மா இருங்க."

"முடியாதுன்னு அவருதான் சொல்றாரல்லோ!"

மேனேஜர் என் ஐந்து விரலையும் அழுத்திவிட்டு, ஒற்றை விரலைப் பிடித்தார். ஆறு. சரி என்று நான் அவர் கையை இறுக்கவும் அண்ணன் துண்டை வெடுக்கென்று உருவவும் சரியாக இருந்தது.

"அட, இங்க யாவாரமல்லோ நடக்குது!" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் கத்தினார்.

மேனேஜரின் முகம் சிவந்துவிட்டது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எங்கள் கையில் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. ஆனால் சந்தையில் கை இறுகிய பிறகு பின்வாங்கியவனோடு அப்புறம் யாரும் துண்டு போட மாட்டார்கள். அவர் பிடித்த பிடியை விடவில்லை. என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார், குலுங்கிச் சிரித்துவிட்டார்.

"முடிஞ்சுதுங்க. பத்துக்கு ஆறு கம்பெனி. நாலு உங்குளுது."

அண்ணனுக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப வண்டி நம்முளுதேதானா?"

"நம்முளுதேதாண்ணா. அடுத்த தேங்காய் வெட்டுல நம்ம பங்கைக் கட்டிறலாம்."

நாங்கள் எழுந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெரியவர் முதல் வேலையாகத் தன் துண்டை உதறி மேசைமேல் விரித்தார். அவர் காரில் முன்விளக்கு மட்டும்தான் எரியவில்லையாம்.

காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். டிரைவருக்குக் கியர் போடத் தெரியவில்லை, பள்ளம் பார்த்து ஓட்டத் தெரியவில்லை என்று அண்ணன் வேலந்தாவளம் வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தார்.