இடைவேளைக்குப் பிறகு விஜயா அக்கா

செய்தி வந்தபோது தேக்கா சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எங்கள் நாடகக் குழுவின் வாட்ஸப்பில், விஜயா அக்காவின் எண்ணிலிருந்தே வந்தது. "அம்மா காலையில தவறிட்டாங்க. மாரடைப்பு. தினேஷ்." அடுத்த நிமிடமே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழ ஆரம்பித்தன. எனக்கு அந்தக் கைகள்மேல் கோபம் கோபமாக வந்தது. மீன்காரர் பையை நீட்டி, "என்ன சிஸ்டர், உடம்பு முடியலையா?" என்றார். மீனை வீட்டில் கொண்டுபோய்ப் போட்டு, மஞ்சள் தடவி வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு வடித்துவிட்டுத்தான் பாசிர் ரிஸ்ஸில் அக்கா வீட்டுக்குக் கிளம்ப முடிந்தது. துக்க வீட்டுக்குப் போவதென்றாலும் முதலில் சமையலறையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் நாடகங்களைத் தொடர்ந்து பார்த்த உங்களுக்கு விஜயா அக்காவை இடைவேளைக்கு முன் செத்துப்போகிறவராகத்தான் தெரியும். சாகாவிட்டால் கோபித்துக்கொண்டு பினாங்குக்குப் போய்விடுவார். காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவர் கணவர் குமார் அண்ணனுக்குச் சர்க்கரை நோயால் கண்பார்வை போய், சிறுநீரகமும் கெட்டுவிட்டது. ஒவ்வோர் இரவும் வயிற்றில் பொருத்திய குழாயில் டயாலிசிஸ் இயந்திரத்தை இணைக்க வேண்டும். கை சுத்தமாக இருக்க வேண்டும், செய்கிற வரிசை தவறக் கூடாது, கிருமி புகுந்துவிட்டால் ஆஸ்பத்திரிதான். மறுநாள் காலையில் அக்கா புடவைக் கடை வேலைக்குக் கிளம்புமுன் அது முடிய வேண்டுமென்றால், ஒன்பதரைக்குள் இணைத்தாக வேண்டும். இணைக்கத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். ஆகவே இடைவேளை விட்டதும் பவுடரைத் துடைத்தபடியே டோபி காட் ரயில் நிலையத்துக்கு ஓடுவார்.

நாடகம் எழுதுகிற நானும் கதை எதுவானாலும் அவரை முதல் பாதியிலேயே தீர்த்துக்கட்டப் பழகிவிட்டேன். புதுப் பிரதியைக் கையில் வாங்கும்போதே, "இந்தத் தடவ எப்படிச் சாவுறேன்?" என்று கேட்பார். ஒருமுறை சொன்னார்: "கொஞ்சம் இழுத்துக்கிட்டுக் கெடக்கவாச்சும் விடு லா. பொசுக்குன்னு போயிடுறேன்."

ஒத்திகை சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும். நாள் முழுக்க நின்றபடியே புடவை விரித்துக் காட்டிவிட்டு, கால் வீங்கி வருவார். வரும் வழியில் முருங்கைக்கீரை வாங்கி வருவார். தரையில் செய்தித்தாளை விரித்து, கீரையை உருவிக்கொண்டே வசனம் பேசுவார். "கைக்கு வேலை இருந்தா வாய்க்கு வசனம் தானா வரும்" என்பார். அவரோடு காட்சியில் இருப்பவர்களும் ஆளுக்கொரு கொத்தை எடுத்துக்கொள்வார்கள். வில்லனாக நடித்தவர் காம்பு காம்பாகப் போடுகிறார் என்று ஒத்திகையை நிறுத்திவிட்டுத் திட்டியதும் உண்டு. எனக்கு அப்போதெல்லாம் சிரிப்பாக இருக்கும். இப்போது யோசித்தால், அந்தப் பெண் ஒரு நாளாவது கையைச் சும்மா வைத்துக்கொண்டு நடித்துப் பார்த்திருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

போன வருடம் நான் எழுதிய நாடகத்தில் ஓர் அம்மா. பிள்ளைகள் எல்லாரும் தனிக்குடித்தனம் போன பிறகு வீட்டை விற்றுவிட்டுப் போகிறவள். கடைசிக் காட்சி முழுக்க அவள் மட்டும்தான். அவளை முன்னாலேயே கொல்ல வழியில்லை. பிரதியைப் படித்துவிட்டு அக்கா கடைசிக் காட்சியை மறுபடி புரட்டிப் படித்தார். பிறகு, "இத நான்தான் பண்ணுவேன்" என்றார்.

மகன் தினேஷ் இயந்திரத்தை இணைக்கக் கற்றுக்கொண்டால்தான் அது நடக்கும். தினேஷ் வேலைக்குப் போகிறவன், நல்ல பிள்ளை, ஆனால் அந்தக் குழாயைக் கண்டாலே பயம். "முடியாதும்மா, சீரியஸா சொல்றேன். ஏதாச்சும் தப்பாயிட்டா?" என்று மறுத்துவிட்டான். நான் அக்காவுக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். "நாடகத்துக்காகன்னு கேட்காதீங்கக்கா. நாளைக்கு உங்களுக்கே உடம்புக்கு ஒண்ணுன்னா அப்பாவ யாரு பாப்பான்னு கேளுங்க. ஒத்துக்குவான்."

அக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அத ஏன் இழுக்கணும்? எனக்குக் கடைசி வரைக்கும் நடிக்கணும். அதான் காரணம். அதச் சொல்லித்தான் கேட்பேன்."

அதைச் சொல்லித்தான் கேட்டார். வீட்டில் இரண்டு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் குமார் அண்ணன்தான் முடித்துவைத்தார். "என் வயித்துலதானடா கத்துக்கப் போற. நானே பயப்படல, உனக்கென்ன?" அதன்பின் தினமும் அம்மா பக்கத்தில் நிற்க, மகன் இணைத்துப் பழகினான்.

வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாளும் அக்கா கடைசி வரை மேடையில் இருந்தார். முதல் நாள் நாடகம் முடிந்து எல்லாரும் வரிசையாக நின்று வணங்கும்போது, எங்கே நிற்பது என்று தெரியாமல் திரைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டார். அத்தனை வருடம் நடித்தவருக்கு அது மட்டும் பழக்கமில்லை. நாங்கள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினோம்.

அன்று பாசிர் ரிஸ்ஸில், அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். தகனத்துக்கு மண்டாய்க்கு எடுத்துப்போவது மறுநாள். ஒன்பது மணியானதும் தினேஷ் எழுந்தான். உறவினர் ஒருவர், "எங்கடா போற, அம்மாவ விட்டுட்டு?" என்றார். "அப்பாவுக்குப் போடணும்" என்று மட்டும் சொன்னான். நானும் கூடவே மேலே போனேன். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டினான். வரிசை தவறாமல் இணைத்து முடித்தான். அக்கா எந்தக் காரணத்தைச் சொல்ல மாட்டேன் என்றாரோ அதுவே நடந்துவிட்டது. ஆனால் நடிக்க வேண்டும் என்று அவர் அடம்பிடிக்காமல் இருந்திருந்தால், அன்றிரவு அந்த வீட்டில் யார் என்ன செய்திருப்பார்கள்? நினைக்கவே பயமாக இருந்தது.

குழாயோடு படுத்துவிட்டால் காலை வரை குமார் அண்ணனால் கீழே இறங்கி அக்காவிடம் வர முடியாது. கட்டிலருகே உட்கார்ந்தேன். அவர் கேட்டார்:

"அந்த நாடகம் கடைசில எப்படிம்மா முடிஞ்சுச்சு? அவகிட்டக் கேட்டேன். 'நல்லாப் போச்சு'ன்னுட்டுத் தூங்கிட்டா. மறுநாள் வேலை. அப்புறம் பேசவே நேரமில்ல."

தினேஷும் திரும்பிப் பார்த்தான். அவனும் பார்த்ததில்லை. மூன்று இரவும் அவன் அப்பாவின் பக்கத்தில் இருந்தான், அதனால்தான் அக்கா மேடையில் இருக்க முடிந்தது. எங்கள் குழுவில் பதிவெடுக்க ஆளும் இல்லை. அக்கா ஒரு நாடகத்தை முழுசாக நடித்ததை அக்கா வீட்டில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

சொன்னேன். காலி வீட்டில் அந்த அம்மா தரையில் உட்காருகிறாள். அவள் அழ வேண்டும் என்றுதான் எழுதியிருந்தேன், ஒத்திகையிலும் அழுதார். மேடையில் அக்கா சிரித்தார். முதலில் லேசாக, பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். சனங்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு கைதட்டினார்கள்.

"பொத்தாமயா?" என்றார் குமார் அண்ணன். "கல்யாணமான புதுசுல அப்படிச் சிரிப்பா." பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

விஜயா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பிற்பாதிதான். அதை நான் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது நியாயமில்லை, அந்த வீட்டுக்குச் சேர வேண்டியது. அதனால் ஒத்திகை முடிந்து, கால் கெஞ்சினாலும், வாரத்தில் ஒரு நாள் பாசிர் ரிஸ் போகிறேன். "அந்த எடத்த மறுபடி சொல்லும்மா" என்கிறார் அவர். தினேஷ் கழுவிய கையை உயர்த்திப் பிடித்தபடி வாசலிலேயே நின்று கேட்கிறான். என் வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். காத்திருக்கட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன்.