இந்த உயிருக்கு நன்றி

ஐஸ்வாலில் எங்கள் மலைத்தெருவின் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பன்றி குத்துவது சொச்சிங்கி அக்காதான். புருஷன் செத்தபின் அவருடைய கறிக்கடையோடு மூங்கில் ஈட்டியையும் கையில் எடுத்துக்கொண்டவள். ஆட்கள் காலைப் பிடித்துக்கொள்ள, இடது முன்னங்காலைத் தூக்கி அக்குளில் ஒரே குத்து, நேராக இதயம். ஆனால் குத்துமுன் ஜெபம் சொல்லியாக வேண்டும். ஜெபம் சொல்லாமல் எங்கள் மிசோ ஆட்கள் லாரியைக்கூடக் கிளப்ப மாட்டார்கள். அவளுடையது ஒரே வரி: "ஆண்டவரே, நீங்க குடுத்த இந்த உயிருக்கு நன்றி."

அக்டோபரில் அவளுடைய ஒரே மகன் முவானாவைக் குடிவெறியில் ஒருவன் குத்திக் கொன்றான். அதே இடது அக்குளில். குத்தியவன் நாலாவது வீட்டு ரமெங்கா, முவானாவோடு பந்து விளையாடி வளர்ந்தவன். வழக்கப்படி அவன் வீட்டார் கறுப்புப் போர்வை கொண்டுவந்தார்கள். பிணத்தின்மேல் அதைப் போர்த்த விட்டால் மன்னித்தாயிற்று என்று அர்த்தம். அக்கா அதைப் பிடுங்கி, வெட்டுக்கத்தியால் கிழித்து, கொல்லையில் வீசினாள். அன்றோடு கோயிலுக்கும் முழுக்குப் போட்டாள்.

"உன் ஆண்டவர்கிட்ட சொல்லு வாலா, என் வாசப்பக்கம் வர வேணாம்னு" என்றாள், கோயிலில் முரசடிக்கும் என்னிடம்.

டிசம்பர் இருபத்துநான்கு காலையில் அவள் வரமாட்டாள் என்றே நினைத்தோம். வீட்டுக்கு ஓர் ஆள் வேலைக்கு வர வேண்டும். ஜாமீனில் வந்திருந்த ரமெங்காவும் பன்றிக் காலைப் பிடிக்க வந்து நின்றான். போடா என்று சொல்ல எங்களில் ஒருவனுக்கும் வாய் வரவில்லை. கோழைகள், நானும்தான்.

அப்போது ஈட்டியோடு அக்கா வந்தாள். பன்றியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் வீச்சில் ரமெங்காவின் தோள் கிழிந்து என் சட்டையெல்லாம் ரத்தம் தெறித்தது. முடியைப் பிடித்துச் சேற்றில் தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றினாள். பிடி நழுவிய பன்றி அலறிக்கொண்டு ஓடி, வெந்நீர் அண்டாவைக் கவிழ்த்தது.

"அக்கா, வேணாம்!"

"கிட்ட வந்தே, முதல் குத்து உனக்குத்தான்!"

ரமெங்கா திமிறவில்லை. இடது கையைத் தானே தூக்கிக் கொடுத்தான். "குத்துங்கம்மா. கண்ண மூடுனா அவன் முகந்தான் வருது. முடிச்சிருங்க."

ஈட்டி முனை அவன் அக்குளைத் தொட்டு நின்றது. குத்தக் கை ஓங்கினால் வாய் தானாக ஜெபம் சொல்லும். இருபது வருஷப் பழக்கம். "ஆண்டவரே, நீங்க குடுத்த இந்த உயிருக்கு..." என்றவள் அப்படியே நிறுத்திவிட்டாள். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

"நன்றி" என்று பல்லைக் கடித்துத் துப்பினாள்.

ஈட்டியை அவன் தலைக்குப் பக்கத்தில் இறக்கினாள். கல்லில் பட்டு முறிந்தது. பிறகு கை ஓயும்வரை அவன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். எழுந்துபோய் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் மதியம் தெருவே விருந்துப் பந்தியில் இருந்தது. நான் இலையில் கறியைக் கட்டிக்கொண்டு போனேன். அக்கா அடுப்பருகே தனியாக, மடியில் பைபிளோடு உட்கார்ந்திருந்தாள். தோளில் அந்தக் கறுப்புப் போர்வை. கிழிசலைக் கோணல்மாணலாகத் தைத்திருந்தாள்.

"எடுத்துட்டு வந்துட்டீங்களாக்கா?"

"குளிருச்சு" என்றாள். அடுப்பில் ஒரு விறகைத் தள்ளிக்கொண்டே சொன்னாள், "நன்றின்னு சொல்லித் தொலைச்சிட்டேனே வாலா. சொன்னதத் திரும்ப வாங்கிக்க முடியுமா? ராத்திரி முழுக்க ஆண்டவரத் திட்டினேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இங்கயேதான் உக்காந்திருந்தாரு. முவானா போனதுக்கப்புறம் நேத்துதான் இந்த வீட்டுல நான் தனியா இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் இலையைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டாள்.

"பன்னிய யாரு குத்துனது?"

"நான்தான். அஞ்சு குத்து."

"கையாலாகாத பயலே! ரப்பரு மாதிரி இருக்கு." மென்றுகொண்டே கேட்டாள், "அவன் தோளுக்குத் தையல் போட்டாங்களா?"

"ஏழு தையல்."

போர்வையின் கிழிசலை விரலால் மெல்லத் தடவிக்கொண்டு போனாள்.

"இதுக்குப் பதினொண்ணு ஆச்சு" என்றாள்.