வா, சாப்பிடு, படு

எங்கள் பால்வாடி வாசலில் ஒரு சப்பட்டைக் கல் கிடக்கிறது. மழை பெய்தால் கரிசல் மண் செருப்பில் அப்பி ஆளையே ஒரு சாண் உயர்த்திவிடும். அதை வழித்துவிட்டு உள்ளே வருவதற்காகப் போட்ட கல். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு தாய் தினமும் அதில் உட்கார்ந்து, மகளின் செருப்பைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே தெலுங்கில் ஓயாமல் பேசுவாள். ஓடைக்கரையில் வரும்போதே இருவர் குரலும் கேட்டுவிடும். அவள் ஒன்று சொன்னால் அந்த மூன்று வயதுக்காரி ஒன்பது கேட்பாள். எனக்கு அரைகுறையாகத்தான் புரியும், ஆனாலும் கேட்க நன்றாக இருக்கும்.

கழுகுமலை ரோட்டில் இறங்கி நடக்கிற ஊர் எங்களுடையது. அவர்கள் ஆடு வளர்க்கிற குடும்பம். வயல்களில் ஆட்டுக்கிடை போடப் போகிற தகப்பன் மாதக்கணக்கில் வெளியூரில் இருப்பார். வீட்டில் பேச்சென்றால் இவர்கள் இரண்டு பேர்தான். அப்படிப் பேசுகிற பிள்ளை வாசற்படியைத் தாண்டியதும் ஊமையாகிவிடும். மூன்று மாதம் ஒரு சொல் இல்லை. மற்ற பிள்ளைகள் பாடும்போது சுவரோரம் உட்கார்ந்து அவர்கள் வாயையே பார்க்கும். தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளரைக் கொண்டுவந்து நீட்டும். சூப்பர்வைசர் அம்மா வருகிற நாள் நெருங்கியது. ஒவ்வொரு பிள்ளையும் எப்படிப் பேசுகிறது என்று எழுதிக் காட்ட வேண்டும். எனக்கோ வாய் நீளம், பொறுமை குட்டை.

அந்தக் கல்லருகே நின்றுதான் சொன்னேன்: “ஏம்மா, வீட்ல தெலுங்குலயே பேசிக்கிட்டிருந்தா பிள்ளைக்கு எப்படித் தமிழ் வரும்? இனிமே தமிழ்லயே பேசு.”

அவள் எழுந்து நின்று, “சரி டீச்சர்” என்றாள்.

கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான தமிழ் அவளிடம் இருந்தது. பிள்ளையைக் கொஞ்சுகிற தமிழ் இல்லை, கதை சொல்கிற தமிழும் இல்லை. வா, சாப்பிடு, படு. இவ்வளவுதான் அவளால் மகளிடம் சொல்ல முடிந்தது. மறுநாள் ஓடைக்கரையிலிருந்து சத்தமே வரவில்லை. கல்லில் உட்கார்ந்ததும் மகள் ஏதோ கேட்டாள். தாய் உதட்டில் விரலை வைத்து, மறு கையால் என்னைச் சுட்டிக் காட்டினாள். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

நான்காம் மாதம், பால்வாடி மரக்குதிரையில் யார் ஏறுவது என்ற சண்டையில் அந்தப் பிள்ளை, “ஏட்டி, எறங்கு, நான் ஏறணும்” என்று கணீரென்று சொன்னது. எல்லாம் என் கண்டிப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு பயிற்சிக்குப் போனேன். வேறு மொழி வீட்டுப் பிள்ளைகள் சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பதுண்டு, அது சொல் சேகரிக்கிற காலம், வீட்டுப் பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள் என்று அங்கே சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போது இன்றே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். போகவில்லை. பிள்ளை அதற்குள் பெரிய பள்ளிக்குப் போயிருந்தது. நான் சொன்னதை நானே எப்படி மாற்றிச் சொல்வது என்று வெட்கம். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். நான் அள்ளக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

போன மாதம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இருவரையும் பார்த்தேன். மகள் தாயைவிட உயரம். தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னைக்கு நீங்க சொன்னதுதான் டீச்சர். இப்ப பேச்சுப் போட்டியில எல்லாம் பரிசு வாங்குதா.” அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நின்றேன். அப்போது தாய்க்கு அவள் அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் பழைய குரல் திறந்துகொண்டது. தெலுங்கு கடகடவென்று கொட்டியது, நடுநடுவே சிரிப்பு. மகள் பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி நின்றாள்.

போனை வைத்ததும் நான் மெதுவாகச் சொன்னேன்: “இவகிட்டயும் இப்படிப் பேசலாம்லம்மா.”

“எங்க பேச்சு அவளுக்கு வராதே டீச்சர்” என்று சிரித்தாள். பஸ் வந்தது. மகளைப் பார்த்து, “வா” என்றாள்.

இன்று காலை மழை. புதிதாகச் சேர்ந்த பிள்ளையும் அதன் அம்மாவும் கல்லில் செருப்பை வழித்துக்கொண்டே தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அம்மாக்காரி பேச்சை நிறுத்தினாள். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று நான் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.