பெரியப்பாவுக்கு அடுத்த ஆள்

அந்த அட்டைப்பெட்டி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பிஸ்கட் வந்த பெட்டி. சுற்றிலும் ஆணியால் குத்திய ஓட்டைகள், மேலே ஒரு சணல் கட்டு, உள்ளே ஒரு வெள்ளைப் புறா. பாஸ்டர் பைபிளின் லேவியராகமத்தைப் பற்றிப் பேசப் பேச, அது அட்டையைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்று உறுமிக்கொண்டிருந்தன. எனக்குச் சாதாரணமாகவே உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது. அன்றைக்கு அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் புறா ஒழுங்காகப் பறந்துபோனால்தான் என் பெரியப்பாவுக்குச் சபையில் ஒரு வழி பிறக்கும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார்.

பெரியப்பா என் அப்பாவின் அண்ணன். அப்பா போன பிறகு என்னையும் அம்மாவையும் எர்ணாவூர் குடியிருப்பில் தன் வீட்டோடு வைத்துக்கொண்டவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்த்தார். திருவொற்றியூரில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை. ஒருநாள் சூடு ஆறாத வார்ப்பு ஒன்றை வெறுங்கையால் தூக்கிவிட்டார். பக்கத்தில் இருந்தவன் அலறிய பிறகுதான் கையைப் பார்த்தாராம். உள்ளங்கை வெந்திருந்தது, வலி மட்டும் இல்லை. அப்படித்தான் தொழுநோய் என்று தெரியவந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை ஒரு வேளைகூட விடாமல் சாப்பிட்டு முடித்தார். இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் வாய்திறந்து சொல்லிவிட்டார். ஆனால் அதற்குள் வலது காலில் புண் புரையோடி, பெருவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மாடிப்படி ஏற முடியாமல் புறாக்களை எல்லாம் காலடிப்பேட்டையில் இருந்த தன் தோஸ்துக்குக் கொடுத்துவிட்டார். கூண்டு காலியான அன்று அவர் சாப்பிடவில்லை.

எங்கள் சபை, குடியிருப்புக்கு எதிரே லாரி ஷெட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. மாதத்தின் முதல் ஞாயிறு கர்த்தருடைய பந்தி. வெள்ளிப் பூச்சு தேய்ந்த ஒரே பாத்திரம். எல்லாரும் வரிசையில் போய் அதில் ஆளுக்கு ஒரு வாய் திராட்சரசம் குடிப்போம். மிச்சம் இருப்பதைப் பாஸ்டர் குடித்து முடிப்பார். பெரியப்பா குணமாகித் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, மூப்பர் அவரிடம் வந்து, "ஐயா, நீங்க மட்டும் கடைசியா வாங்க" என்றார். மூப்பர் என்றால் சபைக் காரியங்களை எல்லாம் பார்த்துக்கொள்கிறவர். அவரை மீறி அங்கே ஒரு நாற்காலிகூட நகராது. மரியாதையாகத்தான் சொன்னார். பெரியப்பாவும் கடைசியாகத்தான் போனார். அவர் குடித்து முடித்ததும் மூப்பர் பாத்திரத்தைப் பாஸ்டர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய், பின்னால் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தார். பாஸ்டர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாதாமாதம் அதுவே வழக்கமாகிவிட்டது.

"எனக்கு அப்பாலிக்கா மண்ணுதான் குடிக்குது, கண்ணு" என்றார் பெரியப்பா ஒருநாள். சட்டை பித்தான் அறுந்துவிட்டது என்று சொல்வது போலச் சொன்னார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடுத்த மாசம் உனக்கு அப்புறம் நான் குடிக்கிறேன். எவன் கேக்குறான்னு பாக்கறேன்" என்று எகிறினேன்.

"நீ குடிச்சா அது வூட்டு சாப்பாடு. தெனமும் என் தட்டுல கை வெச்சு துன்றவதானே நீயி? வெளியாளு குடிக்கணும். ஒரே ஒருத்தன் போதும்" என்றார்.

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். முதல் வரிசை கேட்கவில்லை, மன்னிப்பு கேட்கவில்லை. தன் வாய் பட்ட பாத்திரத்தில் இன்னொரு வாய் படவேண்டும், அது போதும் அவருக்கு.

எங்கள் பாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. மூப்பர் செருமினால் ஜெபத்தைச் சுருக்கிவிடுவார். மற்ற ஊழியக்காரர்கள் தாண்டிக் குதித்து ஓடுகிற லேவியராகமம்தான் அவருக்கு உயிர். அந்தக் காலத்து ஜனங்கள் வனாந்தரத்தில் கடவுளுக்கென்று அடித்த ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றி வாரக்கணக்கில் பேசுவார். பிரகாரத்தில் வெண்கலப் பலிபீடம், அதைத் தாண்டி, பலியிடும் ஆசாரியர்கள் கைகால் கழுவும் தொட்டி, உள்ளே விளக்கு, அப்பம், தூபம், தொங்குகிற திரை, திரைக்குப் பின்னால் வருஷத்தில் ஒருநாள் மட்டும் ஒரே ஒரு ஆள் நுழையக்கூடிய இடம். எனக்கு அதெல்லாம் முதலில் எரிச்சலாகவே இருந்தது. சிறுநீரகத்தின் மேலிருக்கும் கொழுப்பை எடு, கல்லீரலின் மேல் ஜவ்வை எடு என்று கசாப்புக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். நெட்டுக்குப்பத்திலிருந்து வருகிற மீன்கார அக்கா ஒருநாள் பிரசங்கத்தின் நடுவிலேயே கேட்டுவிட்டார்: "ஆடு, மாடு, புறா அல்லாம் கேட்டாரு, சரி. மீனு இன்னாத்துக்கு பாஸ்டர் கேக்கல? கடலைத் தாண்டித்தானே வந்தாங்கோ, ஒரு மீனுகூடவா புடிக்கல?" கொட்டகையே சிரித்தது. பாஸ்டர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார். சொல்லவே இல்லை.

ஆனால் அந்தப் புத்தகத்தில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பலி எரிந்து முடிந்த சாம்பலைக்கூட அவர்கள் கண்ட இடத்தில் கொட்டுவதில்லை. ஆசாரியன் உடுப்பை மாற்றிக்கொண்டு, ஜனங்கள் தங்கிய பாளயத்துக்கு வெளியே, சுத்தமான ஒரு இடத்துக்கு எடுத்துப் போக வேண்டும். ஆட்டுச் சாம்பலுக்கு இருந்த மரியாதை என் பெரியப்பாவின் எச்சிலுக்கு இல்லையே என்று நினைத்தால் ஆத்திரமாக வரும். நான் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டில் பில் போடும்போதுகூட இதே நினைப்புதான். எதிரே நிற்கிற லாரி டிரைவர்மேல் எரிந்து விழுவேன். பாவம், அவருக்கு ஒன்றும் புரியாது.

ஒரு சாயங்காலம் பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதவை அவரே சாத்தினார். "மூப்பர்கிட்ட நேருக்கு நேர் சொல்ல எனக்குத் தைரியம் வரல. ஆனா வேதத்துல உள்ளதை அப்படியே செஞ்சு காட்டினா அவரால மறுக்க முடியாது" என்று ஆரம்பித்தார். நோய் தீர்ந்தவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அந்தப் புத்தகத்தில் ஒரு முறை இருக்கிறதாம். அவன் உள்ளே வரக்கூடாது. ஆசாரியன்தான் பாளயத்தை விட்டு வெளியே இறங்கி அவனிடம் போக வேண்டும். இரண்டு பறவைகள். ஒன்றை ஊற்றுநீரின் மேல் கொல்வார்கள், இன்னொன்றை, அவன் தீட்டை எடுத்துக்கொண்டு போகட்டும் என்று, வெட்டவெளியில் பறக்கவிடுவார்கள். அவன் கூடாரத்து வாசலுக்கு வந்த பிறகு வலது காதிலும் வலது கைக் கட்டைவிரலிலும் வலது கால் பெருவிரலிலும் எண்ணெய் பூசுவார்கள். "கொல்றதெல்லாம் சிலுவையோட முடிஞ்சுபோச்சு. நாம பறக்கவிடறதை மட்டும் செய்வோம். இன்னொண்ணு தெரியுமா? இந்தக் காது, கைவிரல், கால்விரல் மூணையும் தொட்டு ஆசாரியர்களைத்தான் ஊழியத்துக்குப் பிரிச்சாங்க. அதே மூணு இடம் உங்களை மாதிரி திரும்பி வர்றவருக்கும்" என்றார். பெரியப்பா, "புறாவுக்கு என் தோஸ்துகிட்ட நான் சொல்றேன், கொண்டாருவான்" என்றார்.

காலடிப்பேட்டை தோஸ்து இந்து. சபைப் பக்கம் தலைவைத்துப் படுத்தவர் இல்லை. புறாக் கூண்டடியில் ஒரே டீ கிளாஸில் மாறி மாறிக் குடித்த சிநேகம் அது. கோயில் காரியம், பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று தன்னிடம் இருப்பதிலேயே வெள்ளையான ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். வேறு மாடியிலிருந்து வந்த புறாவுக்கு இறக்கையைக் கட்டி வைப்பார்கள். அவிழ்த்துவிட்டால் பிறந்த கூண்டுக்கே ஓடிவிடும் என்று. பாஸ்டர் பறக்கிற புறா கேட்டாரே என்று கட்டை அவிழ்த்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தவர், அது எங்கே பிறந்த புறா என்பதை யோசிக்கவில்லை.

அடுத்த மாதத்து முதல் ஞாயிறு கொட்டகையைச் சுற்றிலும் லாரித் தார்பாய் கட்டிக் கூடாரம் மாதிரி ஆக்கியிருந்தார்கள். பழைய எண்ணெய் டிரம் ஒன்று பலிபீடம். சமையல் அண்டா ஒன்று தொட்டி. பெரியப்பா கேட்டுக்கு வெளியே, லாரிகளுக்கு நடுவில் நின்றார். வெள்ளைச் சட்டை, பெருவிரல் இடத்தில் துணி அடைத்த ஷூ. பாஸ்டர் வெள்ளை அங்கியோடு புழுதியில் இறங்கி நடந்தார். நாங்கள் எல்லாரும் கேட் வரைக்கும் போய் நின்றோம். பெட்டியைத் திறந்தார்கள். புறா விருட்டென்று எழும்பி, லாரிகளுக்கு மேலே ஒரு வட்டம் அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னொரு வட்டம் அடித்தது. பிறகு, நேராக எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்து இறக்கையைக் கோதத் தொடங்கியது.

"அடங்கொப்புரானே, இது உன்னுதுதானா!" என்று தோஸ்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

அது யார் வீட்டு மாடி என்று எல்லாருக்கும் தெரியும். மூப்பர்தான் வாயைத் திறந்தார். "எதை எடுத்துக்கினு போவணும்னு வுட்டமோ, அது அவரு வூட்டுக்கே திரும்பிடிச்சு. கர்த்தர் காட்டிட்டாரு பாஸ்டர். இதோட நிறுத்திக்கலாம்."

பாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் நிறுத்திவிடுவார் என்றே நினைத்தேன். ஒரு கால் கேட் பக்கம் திரும்பியும்விட்டது.

அப்போது பெரியப்பா பேசினார். கத்தவில்லை. "பாஸ்டர், அது பொறந்த வூடு அதுக்குத் தெரிஞ்சிது, பூடிச்சு. நான் எங்க போறது, சொல்லுங்கோ. ஞானஸ்நானம் வாங்குனது இங்கதானே?"

பாஸ்டர் திரும்பினார். மூப்பரைப் பார்க்கவே இல்லை. பெரியப்பாவின் கையைப் பிடித்துக் கேட்டைத் தாண்டி உள்ளே கூட்டிவந்தார். கூடார வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். காதில் எண்ணெய் வைத்தார். மடங்கிப்போன கைக் கட்டைவிரலில் வைத்தார். பிறகு மண்டியிட்டு ஷூவைக் கழற்றினார். அடைத்திருந்த துணி கீழே விழுந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது: எண்ணெய் வைக்க அங்கே விரல் இல்லை. பெரியப்பா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். பாஸ்டர் விடவில்லை. விரல் இருந்த இடத்துத் தழும்பில் எண்ணெயை வைத்து, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். அந்தப் பயந்தாங்கொள்ளி மனிதரை நான் அன்றைக்குத்தான் பாஸ்டர் என்று மனசார ஏற்றுக்கொண்டேன்.

அதே சூட்டில் பாத்திரத்தை எடுத்துவந்து முதலில் பெரியப்பாவுக்குக் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்தார். பாஸ்டர் பாத்திரத்தை ஏந்திக்கொண்டு சபையைப் பார்த்தார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மின்விசிறி கடகடவென்று சுற்றியது. நான் எழுந்தேன், பெரியப்பா என்னைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார். உட்கார்ந்தேன்.

"இன்னா, அல்லாரும் கம்முனு குந்திகினுகீறீங்கோ?" என்று வாசலில் இருந்து ஒரு குரல். தோஸ்து. காலிப் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செருப்போடு உள்ளே வந்தார். "வெயில்ல நின்னு நாக்கு வறண்டு பூடிச்சு. குடு நைனா இப்படி" என்று பாஸ்டர் கையிலிருந்த பாத்திரத்தை வாங்கி, விளிம்பைத் துடைக்காமல், அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்து மடக்மடக்கென்று முழுவதையும் குடித்து முடித்தார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சக்கரை பத்தல" என்றார்.

மூப்பர் பாய்ந்து எழுந்தார். "ஐயோ, அவன் ஞானஸ்நானம் வாங்காதவன்! பந்தியைத் தொட்டுட்டான்! பாஸ்டர், இது அடுக்குமா?" என்று கத்தினார். தோஸ்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இன்னாப்பா பேஜாரு? துட்டு குடுக்கணுமா?" என்று பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒரு காலில் ஷூ இல்லாததும் அவருக்கு ஞாபகம் இல்லை.

பாஸ்டர் திராட்சரசப் புட்டியை எடுத்து, அந்தப் பாத்திரத்தைக் கழுவாமல் மறுபடி நிரப்பினார். முதலில் தானே ஒரு வாய் குடித்தார். மீன்கார அக்கா எழுந்தார். "நகரு மூப்பரே, எனுக்கு ஏவாரத்துக்கு நேரமாவுது" என்று அவரை ஒதுக்கிவிட்டுப் போய்க் குடித்தார். பிறகு ஒவ்வொருவராக வரிசை வந்தது. மூப்பர் அன்றைக்குக் குடிக்கவில்லை. அடுத்த மாதமும் குடிக்கவில்லை. அதற்கடுத்த மாதம், பெரியப்பாவுக்குப் பின்னால் நாலைந்து பேர் தள்ளி வந்து நின்றார்.

பெரியப்பா இப்போது இல்லை. கொட்டகை இருந்த இடத்தில் ஓடு பதித்த கட்டடம் இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு பொதுப் பாத்திரத்தை எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு குட்டிப் பிளாஸ்டிக் கப், விரலளவு, தட்டில் அடுக்கி உட்கார்ந்த இடத்துக்கே வருகிறது. அது சரிதான் என்று எனக்கும் தெரியும். நோய் என்றால் என்ன என்று பார்த்த வீடுதான் எங்களுடையது. ஆனாலும் தட்டு என் வரிசைக்கு வரும்போது எனக்கு இருப்புக்கொள்வதில்லை. குடித்து முடித்த கப்பை எல்லாரும் கறுப்புப் பையில் போடுகிறார்கள், பையை முடிந்து கேட்டுக்கு வெளியே வைத்துவிடுகிறார்கள். பெரியப்பா அத்தனை மாதம் தனியாக நின்ற இடத்தில், அந்தக் கடைசி இடத்தில், இன்றைக்குச் சபை மொத்தமும் உட்கார்ந்திருக்கிறது. யாருக்கும் அடுத்த ஆள் இல்லை.