நாலாம் குழியில் கிடைத்த பல்செட்

பல்லக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான்தான், ஒத்துக்கொள்கிறேன். முப்பத்தொரு வருஷம் ஊரில் பாதிப் பேருக்குப் பல்செட் கட்டிக் கொடுத்துவிட்டு, கடையை மூடிய மறுவாரமே எங்கள் அகழாய்வுக்குத் தொண்டு செய்ய வந்து நின்றார். சம்பளம் கிடையாது, வெயில் மட்டும் தாராளம் என்று சொன்னேன். வாயைத் திற என்று சொல்ல ஆள் இல்லாமல் வீட்டில் பொழுது போகவில்லை என்றார்.

பானை ஓடு கழுவும் வேலையைக் கொடுத்தோம். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எந்தத் துண்டு எந்தத் துண்டோடு சேரும் என்று நொடியில் சொல்லிவிடுவார். பட்டம் வாங்கிய பிள்ளைகள் அரை நாள் திருதிருவென்று விழிக்கிற வேலை அது. ஒரே குறை, வாய் ஓயாது. பேச்சில் பாதி, போன வருஷம் இறந்துபோன வீட்டுக்காரரைத் திட்டுவது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று வாரம் மெனக்கெட்டு அவருக்குக் கீழ்வரிசை செட் ஒன்று செய்தாராம். வாழ்க்கையிலேயே செய்த ஒண்ணாம் நம்பர் வேலையாம். மனுஷர் நாலே மாதத்தில் அதை பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்தார். இன்னொன்று செய்து தருகிறேன் என்றதற்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சாகும்வரை ரொட்டியைப் பாலில் ஊறவைத்தே காலத்தை ஓட்டினாராம். இந்தக் கதையை நான் குறைந்தது நாற்பது தடவை கேட்டிருப்பேன்.

எங்கள் டைரக்டர் நாலாம் குழிமேல் உயிரையே வைத்திருந்தார். மழை அரித்துத் தேய்ந்துபோன மேடு அது. முழங்கை ஆழத்திலேயே பழைய மண் வந்துவிடும். இரண்டாயிரம் வருஷமாக யார் கையும் படாத மண் என்று நிபுணர் குழுவுக்கு எழுதியும் போட்டுவிட்டார். வியாழக்கிழமை அவர்கள் வருவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை காலையில், அந்தக் கைபடாத மண்ணிலிருந்து, இளஞ்சிவப்பு ஈறோடு ஒரு பல்செட் இளித்துக்கொண்டு வெளியே வந்தது.

டைரக்டருக்குப் பேயறைந்த முகம். நேற்றைய சாமான் ஆழத்தில் கிடந்தால், மண்ணை யாரோ கிளறிவிட்டார்கள் என்று அர்த்தம். கிளறிய மண்ணில் எடுத்த பானைக்கு வயசு சொன்னால் எவன் நம்புவான்? இரண்டு வருஷ உழைப்பு போச்சு. மேலே நின்ற யார் வாயிலிருந்தோ விழுந்திருக்கும், சீட்டு வேண்டாம் என்று என் காதில் சொன்னார். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் குழி, ஆழம், நிலை எழுதிச் சீட்டுக் கட்டுவது என் வேலை. நானும் பெரிய யோக்கியன் இல்லை, பேனாவை மூடிவிட்டேன்.

அக்கா வாளியை விட்டு எழுந்து வந்து அதைக் கையில் வாங்கினார். முன்பல் ஒன்று லேசாகக் கோணியிருந்தது. வீட்டுக்காரரின் சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது என்பதால் வேண்டுமென்றே அக்கா வைத்த கோணல். அக்காவின் வாய் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். பேசாமல் இருந்துவிட்டால் டைரக்டரின் குழி தப்பும், அக்காவின் மானமும் தப்பும். தன் ஒண்ணாம் நம்பர் வேலையைக் கட்டின புருஷனே மண்ணில் புதைத்தார் என்று யார்தான் சொல்லிக்கொள்வார்கள்?

"சீட்டு எழுது தம்பி," என்றார் அக்கா. "இது எங்க வீட்டுக்காரரோடது. பஸ்ல தொலையலை."

டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பினார். "தினம் காலையில இந்த மேட்டுக்குத்தான் நடக்க வருவார். பயப்படாதீங்க சார், முழங்கைக்கு மேல தோண்டுற உடம்பு இல்லை அது. சின்னக் குழியாத்தான் இருக்கும், சுரண்டிப் பாருங்க."

சுரண்டினோம். சாப்பாட்டுத் தட்டளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் மட்டும் பொலபொலவென்று கறுத்த மண். சுற்றிலும் கல்லாக இறுகிய பழைய மண், யாரும் தொடாதது. சோம்பேறியாகப் பிறந்த அந்தப் புண்ணியவான் எங்கள் குழியைக் காப்பாற்றிவிட்டார். டைரக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி என்றார்.

நான் சீட்டை எடுத்து, நிலை என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டேன். பிரமாதம் என்று போடச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அக்கா அதைக் கழுவி, பானை ஓட்டைப் பார்ப்பதுபோலவே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈறில் உட்காரும் பக்கத்தில் மூன்று இடத்தில் கோடு கோடாகக் கீறல். நகவெட்டியில் இருக்குமே, அந்தச் சின்ன அரத்தால் யாரோ தேய்த்திருந்தார்கள். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு நூலளவு அதிகமாக நீண்டிருந்தது.

"குத்தியிருக்கு," என்றார். "நாலு மாசம் குத்தியிருக்கு. ஊருக்கெல்லாம் ராவிக் குடுக்கிறவ நான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

எப்படிச் சொல்வார்? ஒண்ணாம் நம்பர் வேலை என்று அக்கா பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித் திரிந்த சமயம். தானே தேய்த்துப் பார்த்திருக்கிறார், சரிவரவில்லை. வீட்டுக் குப்பையில் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று இங்கே கொண்டுவந்திருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கிறார் அந்த மனுஷர், பல்லைப் புதைத்த பிறகும்.

அக்கா சொன்னபடியே எழுதினேன். நிலை: ஓரம் நீளம், செய்தவர் தவறு. கண்டெடுத்தவர் என்ற கட்டம் மிச்சம் இருந்தது.

"அவர் பெண்டாட்டின்னு போடு," என்றார் அக்கா. "பன்னெண்டு வருஷம் லேட்டுன்னும் போடு."